லிப்போ பேட்டரி: ஓட்டாத நாட்களில் எப்படிப் பேணுவது?

ரிமோட் கார், ரிமோட் விமானம், ட்ரோன் போன்றவற்றில் புதிதாக இறங்குபவர்கள் மோட்டாரைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும்தான் முதலில் தேடிப் படிக்கிறார்கள். அவற்றை ஓட வைக்கும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியோ, சார்ஜ் போடுவது, ஓட்டுவது, அலமாரியில் வைப்பது என்ற அளவிலேயே கவனம் பெறுகிறது. ஆனால் இந்தப் பேட்டரிகள் எதனால் சீக்கிரம் கெடுகின்றன என்று பார்த்தால், வண்டி ஓடிய நேரத்தைவிட அலமாரியில் சும்மா கிடந்த நேரத்தில்தான் பெரும்பாலும் சேதம் நடந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம் என்று சனிக்கிழமை இரவே முழுதாகச் சார்ஜ் செய்து வைத்து, மழையால் ஓட்ட முடியாமல் போய், அடுத்த மாதம் எடுத்துப் பார்க்கும்போது பேட்டரி லேசாக உப்பியிருப்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி. ஆகவே, லிப்போ வாங்குபவர் முதலில் கற்க வேண்டியது, பயன்படுத்தாதபோது அதை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்பதையே.

கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருப்பதும் ஏறத்தாழ இதே வகை லித்தியம் பேட்டரிதான். இருந்தும் அவற்றை நாம் இவ்வளவு கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் குறைவு. ஏனென்றால் அவற்றின் உள்ளே ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. சார்ஜ் எல்லையை மீறினாலும், மின்னழுத்தம் மிகவும் இறங்கினாலும், வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலும் அந்தச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். ரிமோட் வண்டிகளுக்கான லிப்போ பேட்டரிகளில் பெரும்பாலானவற்றில் அப்படிப்பட்ட சுற்று எதுவும் கிடையாது. பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தைத் தடையின்றித் தர வேண்டும், எடையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக, மின்கலங்களை நேரடியாக வயரோடு இணைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கைப்பேசியில் அந்தச் சுற்று பார்க்கும் காவல் வேலையை இங்கே சார்ஜரும் பேட்டரியின் உரிமையாளரும்தான் பார்க்க வேண்டும். கீழே வரும் எல்லா விதிகளுக்கும் மூலக் காரணம் இதுதான்.

உறையில் எழுதியிருப்பது என்ன?

ஓர் எளிய எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சிறிய ரிமோட் விமானங்களில் பரவலாகப் பயன்படும் 3எஸ், 2200 மில்லி ஆம்பியர் மணி, 30சி என்று எழுதிய பேட்டரி அது. 3எஸ் என்பது மூன்று மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதைக் குறிக்கிறது. ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட் என்பதால், உறையில் 11.1 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். முழுதாகச் சார்ஜ் ஆன கலம் 4.2 வோல்ட் காட்டும்; மூன்றும் சேர்ந்து 12.6 வோல்ட். 2200 என்பது கொள்திறன், அதாவது 2.2 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரும் அளவு. 30சி என்பது கொள்திறனைப்போல் 30 மடங்கு, அதாவது 66 ஆம்பியர் வரை தொடர்ந்து தரும் என்ற தயாரிப்பாளரின் கூற்று. இந்தச் சி எண்ணைப் பல நிறுவனங்கள் தாராளமாகவே அச்சிடுகின்றன. அதை அப்படியே நம்பி வண்டியை அதன் எல்லைவரை இயக்காமல், பாதியளவில் நிற்பது நல்லது.

பேட்டரியிலிருந்து இரண்டு இணைப்புகள் வெளியே வருகின்றன. தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களின் முனையில் எக்ஸ்.டி. 60 போன்ற ஒரு பெரிய கனெக்டர் இருக்கும். வண்டிக்கு மின்சாரம் போகும் வழி அது. இன்னொன்று, மெல்லிய வயர்கள் வரிசையாகச் சேரும் சின்ன வெள்ளை கனெக்டர். மூன்று கலப் பேட்டரியில் அதற்கு நான்கு வயர்கள் இருக்கும். அதற்குப் பேலன்ஸ் கனெக்டர் என்று பெயர். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாக அளக்க உதவுவது அதுதான். புதியவர்கள் பெரிய கனெக்டரைக் கவனிக்கும் அளவுக்கு இந்தச் சின்னதைக் கவனிப்பதில்லை. பேட்டரியின் உடல்நலம் பற்றிய செய்தி முழுவதும் இதன் வழியாகத்தான் கிடைக்கிறது.

3.8 வோல்ட் ஏன்?

லிப்போ பேட்டரியைச் சேமித்து வைக்க ஏற்ற நிலை, ஒரு கலத்துக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை. நம் 3எஸ் பேட்டரிக்கு மொத்தமாக 11.4 முதல் 11.55 வோல்ட். கொள்திறன் கணக்கில் இது ஏறத்தாழப் பாதி. முழுதாக நிறைந்தும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது என்பதற்கான காரணம் கலத்தின் உள்ளே நடக்கும் வேதியியலில் இருக்கிறது.

காபித்தூள் பாக்கெட்டைப் போன்ற, அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மெல்லிய படலப் பைதான் லிப்போ கலத்தின் உறை. அதனுள் ஒரு பக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு. மறுபக்கம் கிராஃபைட் பூசிய செப்புத் தகடு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவே ஒரு நுண்துளைப் படலம். இவற்றை நனைத்தபடி, லித்தியம் உப்பு கரைந்த, எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவம். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன.

கலம் முழுதாக நிறைந்திருக்கும்போது ஆக்சைடுப் பக்கம் லித்தியத்தைப் பெருமளவு இழந்து, வேதி வினைக்குத் துடிக்கும் நிலையில் இருக்கிறது. அப்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. சிதைவின் விளைபொருள்களில் ஒரு பங்கு வாயு. அந்த வாயு வெளியேற வழியின்றிப் பையை உப்ப வைக்கிறது. மீதி விளைபொருள்கள் மின்முனைகளின் மேல் படலமாகப் படிந்து, மின்னோட்டத்துக்குத் தடையைக் கூட்டுகின்றன. இந்த வினை மின்னழுத்தம் கூடினால் கூடும். வெப்பம் கூடினாலும் கூடும். இரண்டும் சேர்ந்தால் வேகம் பன்மடங்காகும். லித்தியம் அயன் மின்கலங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு மதிப்பீடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது: 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீதச் சார்ஜுடன் ஓராண்டு வைத்தால் சுமார் 96 சதவீதக் கொள்திறன் மிஞ்சும், முழுச் சார்ஜுடன் வைத்தால் 80 சதவீதம்தான் மிஞ்சும். 40 டிகிரியில் வைத்தால் அதே எண்கள் முறையே 85, 65 என்று இறங்கிவிடுகின்றன. இத்தனைக்கும் அந்த ஓராண்டில் பேட்டரி ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

காலியாக வைப்பதில் உள்ள ஆபத்து வேறு வகையானது. பேட்டரி சும்மா இருந்தாலும் மாதத்துக்குச் சிறிதளவு சார்ஜ் தானாகவே குறையும். ஏற்கெனவே 3.3 வோல்ட்டில் இருக்கும் கலம் இப்படிக் குறைந்து 3 வோல்ட்டுக்கும் கீழே போய், இன்னும் இறங்கிக்கொண்டே போனால், கிராஃபைட்டைத் தாங்கியிருக்கும் செப்புத் தகடு திரவத்தில் கரையத் தொடங்குகிறது. பிறகு அந்தக் கலத்தைச் சார்ஜ் செய்யும்போது, கரைந்த செம்பு வேண்டாத இடங்களில் ஊசிபோலப் படிந்து, இரண்டு மின்முனைகளையும் இணைத்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட்டு, சார்ஜ் ஏறும்போதே சூடாகித் தீப்பிடிக்கும் பேட்டரிகளில் சில இப்படி உருவானவை. மிக ஆழமாக இறங்கிய பேட்டரியை வேறு வகை சார்ஜரில் சிறிது நேரம் போட்டு ‘எழுப்பி விடலாம்’ என்று இணையத்தில் காட்டப்படும் வித்தைகளை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். சில ஆயிரம் ரூபாய் பேட்டரியை மிச்சப்படுத்தும் ஆசையில் வீட்டைப் பணயம் வைக்கும் வேலை அது.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளை முழுதாகக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்ற பழக்கம் இன்னும் பலர் மனதில் இருக்கிறது. லிப்போவுக்கு அது சற்றும் பொருந்தாது. நேர் எதிராகக் கேடு விளைவிக்கும்.

சேமிப்பு நிலைக்குக் கொண்டுவருவது

லிப்போவுக்கான, நுண்கணினியால் இயங்கும் சார்ஜர்களில் பெரும்பாலும் ‘ஸ்டோரேஜ்’ என்றொரு தேர்வு இருக்கும். பேட்டரியின் பெரிய கனெக்டரையும் பேலன்ஸ் கனெக்டரையும் சார்ஜரில் செருகி, அந்தத் தேர்வை அழுத்தினால், மின்னழுத்தம் கூடுதலாக இருந்தால் இறக்கியும் குறைவாக இருந்தால் ஏற்றியும் சார்ஜர் கலங்களைச் சேமிப்பு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். குறைவாக இருப்பதை ஏற்றுவது விரைவாக முடிந்துவிடும். நிறைந்திருப்பதை இறக்குவதில்தான் புதியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். மிகப் பரவலாக விற்கும் ஐமேக்ஸ் பி6 வகை சார்ஜர் பேட்டரியைக் காலி செய்யும் வேகம் அதிகபட்சம் 5 வாட் மட்டுமே. நம் 2200 பேட்டரியில் முழுச் சார்ஜில் சுமார் 24 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதில் பாதியை 5 வாட் வேகத்தில் எரிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். ரிமோட் காருக்கான 3எஸ் 5000 பேட்டரி என்றால் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். ‘சார்ஜர் கெட்டுவிட்டதோ’ என்று நடுவில் எடுத்துவிடுகிறார்கள். பேட்டரி முக்கால்வாசி நிறைந்த நிலையிலேயே அலமாரிக்குப் போகிறது.

இதைவிட நல்ல வழி, ஓட்டப்போகும் நாளில் மட்டும் முழுச் சார்ஜ் போடுவது. சேமிப்பு நிலையிலிருக்கும் 2200 பேட்டரியை 2.2 ஆம்பியரில் நிறைக்க முக்கால் மணி நேரம் அளவில்தான் ஆகும். காலையில் போட்டு வைத்தால் குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் தயாராகிவிடும். போட்டு வைப்பது என்றாலும் பார்வையில் இருக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஓட்டும் திட்டம் கைவிடப்பட்டால், அன்றே அல்லது அதிகபட்சம் ஓரிரு நாட்களுக்குள் பேட்டரியைச் சேமிப்பு நிலைக்கு இறக்கிவிட வேண்டும். சிறிது நேரம் வண்டியை ஓட்டி இறக்குவதே எளிது.

வோல்ட் அளவைப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் மின்னழுத்தம் தாழ்வாகக் காட்டும். சுமை நீங்கிச் சில நிமிடங்கள் ஓய்ந்தபின் அது தானாக உயரும். ஓய்வில் 3.7 வோல்ட் காட்டும் கலத்தில் பத்துப் பதினைந்து சதவீதச் சார்ஜ்தான் மிச்சமிருக்கும். 3.7 வோல்ட்டுக்குக் கீழே மின்னழுத்தம் சரிவில் உருள்வதுபோல விழும். ஓய்வில் 3.7 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி, அதாவது கொள்திறனில் சுமார் 80 சதவீதம் செலவானதும், ஓட்டத்தை நிறுத்திக்கொள்வது பேட்டரிக்கு நல்லது.

இதற்குத் துணையாக, பேலன்ஸ் கனெக்டரில் செருகும் சின்ன எச்சரிக்கைக் கருவி நூறு இருநூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது. செருகியதும் அதன் திரையில் மொத்த மின்னழுத்தமும், பிறகு கலம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றின் மின்னழுத்தமும் மாறி மாறி வரும். ஏதேனும் ஒரு கலம் நாம் குறித்த அளவுக்குக் கீழே போனால் காதைத் துளைக்கும்படி கத்தும். ஓடும்போது மின்னழுத்தம் தாழ்வாகக் காட்டும் என்பதால், அதை 3.5 வோல்ட்டுக்குக் குறித்து வைக்கலாம். வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரை நிறுத்திவிடுமே என்று கேட்கலாம். பெரும்பாலான கருவிகள் மொத்த மின்னழுத்தத்தை மட்டுமே பார்க்கின்றன. மொத்தம் 10.8 வோல்ட் என்றால் கலத்துக்குச் சராசரி 3.6, நிலைமை நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டு கலங்கள் 3.7 வோல்ட்டிலும் மூன்றாவது 3.4 வோல்ட்டிலும் இருக்கலாம். அந்த மூன்றாவது கலம்தான் முதலில் சாகும். அது செத்தால் முழுப் பேட்டரியும் வீண்.

இன்னொரு பொதுவான தவறு, ஓட்டி முடித்தபின் பேட்டரியை வண்டியிலேயே இணைத்தபடி விட்டுவிடுவது. சுவிட்சை அணைத்திருந்தாலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவும் சிறு மின்னோட்டத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ பேட்டரி மீள முடியாத ஆழத்துக்குப் போய்விடும். எச்சரிக்கைக் கருவியையும் செருகியபடி விடக்கூடாது. அது முதல் சில கலங்களிலிருந்து மட்டும் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்து, கலங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். சேமிப்பில் இருக்கும் பேட்டரியில் எதுவுமே செருகியிருக்கக் கூடாது.

இப்படி வைத்த பேட்டரியை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது போதும். கலங்களின் மின்னழுத்தத்தை அளந்து, மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு கலம் மட்டும் மாதாமாதம் மற்றவற்றைவிட வேகமாகக் கீழே இறங்கினால், அதன் உள்ளே கசிவு இருக்கிறது என்று பொருள். அந்தப் பேட்டரியை மேலும் நம்பக் கூடாது.

வெயிலும் வைக்கும் இடமும்

வெளிநாட்டுக் கையேடுகளில் ‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்று படிக்கும்போது, அவர்கள் மனதில் இருப்பது 20 டிகிரி அளவிலான அறை என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் சென்னையிலோ வேலூரிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பரண் மேல் வைத்த பேட்டரி 35 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். முன்பு சொன்ன மதிப்பீட்டின்படி, அங்கே முழுச் சார்ஜில் வைப்பதற்கும் பாதிச் சார்ஜில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. கோடையில் சேமிப்பு நிலை பற்றி நாம் குளிர்நாட்டவரைவிடக் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத, தரைத்தள அறையின் கீழ்த்தட்டு பேட்டரிக்கு ஏற்ற இடம். பரண், ஜன்னல் ஓரம், குளிர்சாதனப்பெட்டியின் மேற்புறம் ஆகியவை ஆகாதவை.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரிகளை விட்டுச் செல்வது இவை எல்லாவற்றையும்விட மோசம். மூடிய காரின் உள்ளே, குறிப்பாக முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே, வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டக்கூடும். மைதானத்துக்குக் கொண்டுபோகும் பேட்டரிகளை, ஐஸ் போடாத வெறும் தெர்மோகோல் பெட்டியிலோ குளிர்காப்புப் பையிலோ வைத்து, நிழலில் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்ஜில் வைக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. குளிர்ச்சி முதுமையை மெதுவாக்கும் என்பது வேதியியல்படி சரிதான். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில், வெளியே எடுத்ததும் பேட்டரியின் மேலும் கனெக்டரின் உள்ளும் நீர்த்துளி படியும். குளிர்ந்த நிலையிலேயே அவசரப்பட்டுச் சார்ஜ் போட்டால் அதுவும் கேடு. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். உணவுப் பொருளோடு தீப்பற்றக்கூடிய ஒன்றை வைப்பதும் சரியில்லை. பாதிச் சார்ஜும் நிழலான அறையும் இருந்தாலே போதும் என்பதால், பிரிட்ஜை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எதற்குள் வைப்பது என்பது அடுத்த கேள்வி. தீ தாங்கும் கண்ணாடி இழைத் துணியால் தைத்த ‘லிப்போ பை’ கடைகளில் கிடைக்கிறது. தீ பரவுவதைச் சிறிது நேரம் தாமதப்படுத்துவதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. புகையை அது தடுக்கவே தடுக்காது. பலர் ராணுவத் தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டியை வாங்கி உள்ளே ஜிப்சம் சுவர்ப் பலகையோ ஓடோ பதித்துப் பயன்படுத்துகிறார்கள். அது நல்ல ஏற்பாடு; ஆனால் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பேட்டரி எரியும்போது பெருமளவு வாயு சில நொடிகளில் வெளியாகும். காற்றுப் புகாத பெட்டி அந்த அழுத்தத்தில் வெடிக்கக்கூடும். தடித்த மண் சட்டியில் மணலைப் பரப்பி அதன்மேல் பேட்டரியை வைத்து, ஓட்டால் தளர்வாக மூடுவதும் செலவில்லாத, ஏற்கத்தக்க முறைதான். எதுவாக இருந்தாலும் சிமெண்டுத் தரையிலோ டைல்ஸ் தரையிலோ இருக்க வேண்டும். திரைச்சீலை, துணி அடுக்கு, எரிவாயு உருளை, வெளியேறும் வாசல் ஆகியவற்றுக்கு அருகில் இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் நாம் வெளியேறும் வழியை மறிக்காத இடம் எது என்று முன்கூட்டியே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கனெக்டர்களின் முனைகளுக்கு மூடி போட்டு வைப்பது அவசியம். திருகாணி, சாவிக்கொத்து, நாணயம் கிடக்கும் டப்பாவில் திறந்த முனையோடு பேட்டரியைப் போட்டால், இரண்டு முனைகளுக்கும் இடையே உலோகம் பட்ட மறுநொடி தீப்பொறி பறக்கும். கனெக்டரை மாற்ற வயரை வெட்டும்போதும் இரண்டு வயர்களையும் ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. கத்தரியே குறுக்குச் சுற்றை ஏற்படுத்திவிடும். ஒன்றை வெட்டி, டேப் சுற்றி மூடிய பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

சார்ஜ் செய்யும்போது

சார்ஜரில் பேட்டரியின் வகை ‘லிப்போ’ என்றும், கலங்களின் எண்ணிக்கை சரியாகவும் குறித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நிக்கல் வகைக்கான சார்ஜரை லிப்போவுக்குப் பயன்படுத்தவே கூடாது. 4.35 வோல்ட் வரை ஏற்றும் உயர் மின்னழுத்த லிப்போ என்று ஒரு வகை இருக்கிறது. அந்தத் தேர்வைச் சாதாரண லிப்போவுக்கு வைத்துவிட்டால் கலம் எல்லை மீறும். மின்னோட்டத்தை 1சி அளவுக்கு, அதாவது 2200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு வைப்பதே பொதுவான பாதுகாப்பான விதி. உறையில் 5சி வரை ஏற்றலாம் என்று எழுதியிருந்தாலும் அவசரம் இல்லாதபோது அதைப் பயன்படுத்தத் தேவையில்லை. எப்போதும் பேலன்ஸ் முறையிலேயே சார்ஜ் செய்தால், சார்ஜர் மூன்று கலங்களையும் தனித்தனியாகக் கவனித்து 4.20 வோல்ட்டில் சமமாக நிறுத்தும். ஓடி முடித்த பேட்டரி கைக்குச் சூடாக இருக்கும்போது சார்ஜில் போடாமல், சாதாரண வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சார்ஜ் முடியும்வரை யாராவது ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவதும், போட்டுவிட்டுக் கடைக்குப் போவதும் கூடாது. இந்த ஒரு விதியில் நான் எந்த விதிவிலக்கையும் ஏற்கமாட்டேன். லிப்போ பெரும்பாலும் சார்ஜ் ஏறும்போதோ மோதி அடிபட்ட பின்போதான் தீப்பிடிக்கிறது. அந்த நேரத்தில் ஆள் இருந்தால் இழப்பு ஒரு பேட்டரியோடு முடியும்.

உப்பல், அடி, தீ

நல்ல லிப்போ கலம் தட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். புதிதாக வாங்கியதும் ஒரு முறை விரல்களால் மெல்ல அழுத்தி அதன் இறுக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் மாற்றம் உடனே தெரியும். உள்ளே வாயு சேர்ந்த கலம் தலையணைபோல மெத்தென்று இருக்கும்; மேசையில் வைத்தால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். தெளிவாக உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாமல் ஒதுக்கிவிட வேண்டும். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்ற யோசனை மிகவும் ஆபத்தானது. ஊசி உள்ளே இரண்டு மின்முனைகளையும் இணைத்தால் அந்த நொடியே தீப்பிடிக்கும். உப்பல் வெளியே தெரிவதற்கு முன்பே முதுமையை அறிய, பல சார்ஜர்கள் காட்டும் உள்தடை (கலத்தின் உள்ளே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) எண் உதவும். மில்லி ஓமில் வரும் அந்த எண் சார்ஜருக்குச் சார்ஜர் மாறும் என்பதால், புதிதாக இருந்தபோது அதே சார்ஜர் காட்டிய எண்ணோடு ஒப்பிடுவதே பயன் தரும். அது இரண்டு மடங்கானால் ஓய்வு கொடுக்கும் காலம் நெருங்கிவிட்டது. வாங்கிய தேதியை உறையில் எழுதி ஒட்டி, அதனருகிலேயே முதல் நாள் எண்களையும் குறித்து வைப்பது நல்ல வழக்கம்.

விமானம் விழுந்தோ கார் மோதியோ அடிபட்ட பேட்டரியை உடனே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. உள்ளே படலம் கிழிந்திருந்தால், சிறிது நேரம் கழித்தும் சூடாகித் தீப்பிடிக்கலாம். திறந்தவெளியில், காய்ந்த புல் இல்லாத தரையில் வைத்து, குறைந்தது அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். உறை கிழிந்திருந்தாலோ, நெயில் பாலிஷை நினைவூட்டும் இனிப்பான வாடை வந்தாலோ, உள்ளிருக்கும் திரவம் கசிகிறது என்று அறியலாம்.

தீப்பிடித்தால் புகையைச் சுவாசிக்காமல் இருப்பதுதான் முதல் கவனம். லித்தியம் உப்பு சிதையும்போது ஹைட்ரஜன் புளோரைடு என்ற கடும் நச்சு வாயு வெளியாகிறது. வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றி, முடிந்தால் மின் இணைப்பைத் துண்டித்து, 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். லித்தியம் என்றாலே தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அது லித்தியம் உலோகத்துக்குப் பொருந்தும் எச்சரிக்கை. அகிரா யோஷினோ 1985ஆம் ஆண்டு உருவாக்கிய முன்மாதிரியிலேயே லித்தியம் உலோகம் விலக்கப்பட்டு, கார்பன் அடுக்குகளுக்குள் லித்தியம் அயனி வடிவில் வைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர். இன்றைய லிப்போ அந்த வழியில் வந்தது. இந்தத் தீயில் ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தைக் கொளுத்துகிறது. எனவே வெப்பத்தைத் தணிப்பதே முதன்மையான வேலை. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால் ஏராளமான தண்ணீர் அதைச் செய்யும். மணல் நெருப்பைச் சூழ்ந்து பரவாமல் தடுக்கும். தூள் வகை தீயணைப்பான் சுடரை அணைத்தாலும் கலத்தைக் குளிர்விக்காது என்பதால், அணைந்தது மீண்டும் பற்றக்கூடும். இவை எல்லாம் தீ சிறியதாக இருந்து, வெளியேறும் வழி நமக்குப் பின்னால் திறந்திருக்கும்போது மட்டுமே செய்யத்தக்கவை.

பயணமும் விடைகொடுப்பதும்

விமானத்தில் போகும்போது தனிப் பேட்டரிகளைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம். சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவாக 100 வாட் மணி வரை அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு பேட்டரிகள். பெயரளவு வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். 4எஸ் 5000 என்றால் 14.8ஐ 5ஆல் பெருக்க 74. 6எஸ் 5000 என்றால் 111, அதற்கு ஒப்புதல் வேண்டும்.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். கையால் குப்பை பிரிப்பவர்களுக்கு அது நேரடி ஆபத்து. முதலில் அதில் மிச்சமுள்ள ஆற்றலை வெளியேற்ற வேண்டும். உறை கிழியாத பேட்டரியை, சார்ஜரின் காலி செய்யும் தேர்விலோ, கார் உதிரிப் பாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பல்பை இணைத்தோ, திறந்தவெளியில் மேற்பார்வையோடு காலி செய்யலாம். பல்பு நன்றாகச் சுடும் என்பதால் அதைக் கல்லின்மேலோ சிமெண்டின்மேலோ வைக்க வேண்டும். பல்பு அணைந்தபின் ஒரு நாள் முழுவதும் இணைத்தே வைத்திருந்து, மல்டிமீட்டரில் ஒவ்வொரு கலமும் பூஜ்ஜியத்தை நெருங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊற வைக்கும் முறை நம்பத்தக்கதல்ல. கலம் காலியாகும் முன்பே வெளி முனைகள் அரித்துப் போய் இணைப்பு அறுந்துவிடும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பிறகு அளக்கவும் வழியிருக்காது. காலியான பேட்டரியின் முனைகளை டேப் சுற்றி மூடி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் நிலையத்திலோ, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் கடையிலோ, ‘லித்தியம்’ என்று எழுதி ஒட்டித் தனியாகக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பேட்டரிகளையும் உள்ளடக்கியவை. பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள் மீது அவை வைக்கின்றன. வீட்டுக் கழிவிலிருந்து பிரித்து உரிய இடத்தில் சேர்ப்பது பயன்படுத்துபவரின் பங்கு. எனவே பேட்டரி வாங்கும்போதே, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.